ஃப்ரிட்ஜில் வைத்த மாம்பழம் ஏன் சப்பென்று ஆகிறது?

ஊரிலிருந்து அண்ணன் ஒரு பெட்டி பங்கனப்பள்ளியும் இரண்டு சீப்பு ரஸ்தாளியும் ஒரு பப்பாளியும் அனுப்பினார், வந்த அன்றே எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டேன், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாழைப்பழம் கறுத்துவிட்டது, மாம்பழம் சுருங்கி உள்ளே சப்பென்று இருந்தது, இது ஃப்ரிட்ஜ் கோளாறா, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை. ஃப்ரிட்ஜ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பழுக்காத காயை அதற்குள் வைத்ததுதான் பிரச்சினை. ஆகவே எந்தப் பழத்தை எப்போது குளிரில் வைக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் வதந்தி நிறைய இருப்பதால்.

நான் தோட்டக்கலை படித்தவன். பதினாறு வருடமாக மண்டியில் வாழையும் மாவும் பழுக்க வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். மண்டிக்காரர்கள் அதை சேம்பர் என்பார்கள். வாழை, மா பற்றிக் கையால் தொட்டுத் தெரிந்ததைச் சொல்வேன். மற்றப் பழங்களில் படித்ததும் வீட்டுப் பழக்கமும் கலந்திருக்கும். உங்கள் பழத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழங்களில் இரண்டு சாதி உண்டு. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, சீத்தா, பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். முற்றிய காய் தானாகவே எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டதும் காய் வேகமாக மூச்சுவிட ஆரம்பிக்கும், மாவுச்சத்து சர்க்கரையாகும், சதை இளகும், மணம் வரும். அன்னாசி, மாதுளை, திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, ரம்புட்டான் இன்னொரு சாதி. பறித்த நாளில் என்ன இனிப்போ அதுதான். வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் அதற்கு மேல் இனிக்காது. நிறம் மாறலாம், இளகலாம், புளிப்புக் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றலாம், சர்க்கரை கூடாது.

முதல் சாதிக்காரர்களின் மூச்சை எங்கள் அறையில் கையாலேயே உணரலாம். மாம்பழப் பெட்டி லாரியில் வந்திறங்கியதும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். வெளியே இருக்கும் பழம் சாதாரணமாக இருக்கும், நடுவில் இருப்பது வெதுவெதுவென்று காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கும். அது வெயில் சூடு அல்ல, பழத்தின் சொந்தச் சூடு. அந்தப் பெட்டியை இன்னும் ஒரு நாள் மூடியே வைத்தால் நடுப்பழம் கனிந்து கசியத் தொடங்கிவிடும், ஓரத்துப் பழம் காயாகவே கிடக்கும். வீட்டுக்கு வரும் பெட்டியிலும் சின்ன அளவில் இதேதான் நடக்கிறது. அதனால் பெட்டி வந்த அன்றே பிரித்துவிட வேண்டும், அது இரவு பத்து மணியானாலும் சரி.

இப்போது குளிருக்கு வருவோம். வெப்ப மண்டலத்தில் விளைகிற பழங்களுக்குக் குளிர் தாங்காது. முற்றிய மாங்காய்க்கும் வாழைக்கும் சுமார் 13 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. பழுக்காத பப்பாளி 10 டிகிரி வரை ஓரளவு தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளே 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் செல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கெட்டுப்போகிறது, பழுக்க வைக்கும் நொதிகளின் வேலை தாறுமாறாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், உள்ளே இருக்கும்போது பழம் நன்றாகத்தான் தெரியும். வெளியே எடுத்த ஓரிரு நாளில்தான் தோலில் சாம்பல் படர்ந்தது போல நிறம், சின்னச் சின்னப் பள்ளம், ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் கல்லாக நிற்பது எல்லாம் தெரிய வரும். ருசி மட்டும் திரும்பவே வராது. மூன்று நாள் குளிரில் இருந்த காயை வெளியே வைத்துப் பழுக்க வைத்துவிடலாம் என்று பலர் முயல்வதைப் பார்த்திருக்கிறேன். பழுத்தது போல இளகும், மணம் வராது. உங்கள் மாம்பழம் சப்பென்று போனதற்குக் காரணம் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன்.

பழுத்த பிறகு கதை வேறு. மாம்பழம் நன்றாகக் கனிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் ருசி குறையாமல் நிற்கும். அதாவது, முதலில் வெளியே பழுக்கட்டும், பழுத்ததும் குளிரட்டும். வரிசை மாறினால்தான் வம்பு.

மாம்பழத்தைப் பழுக்க வைக்கும் முறை வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்து மூன்று கூறு ஆக்குவேன். கனிந்தது சாப்பாட்டு மேசைக்கு, செங்காய் ஒரு பக்கம், பச்சைக்காய் இன்னொரு பக்கம். காய்களைச் சாக்கின் மேலோ வைக்கோல் மேலோ ஒரே அடுக்காக, ஒன்றை ஒன்று அழுத்தாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பேன். வைக்கோல் கிடைக்காத அடுக்குமாடி வீட்டில் செய்தித்தாள் போதும். பாலித்தீன் பை மட்டும் ஆகாது. பழம் விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே முத்து முத்தாகக் கோத்து நிற்கும், காம்படியில் அழுகல் பிடித்துவிடும். பாட்டி காலத்து அரிசிப் பானை வைத்தியத்தில் உண்மை இருக்கிறது. அரிசிக்குள் புதைத்தால் எத்திலீன் வெளியே போகாமல் சுற்றி நிற்கும், கதகதப்பும் இருக்கும். நான்கைந்து காய்க்கு அது நல்ல வழி. ஈரம் துடைக்காமல் புதைத்தால் அரிசியும் போகும் பழமும் போகும். தினமும் கையை விட்டுப் பார்க்கவும் வேண்டும். அரிசி டிரம்மில் ஒரு காயை மறந்துவிட்டு, வாசனை பிடித்துக் கண்டுபிடித்த அனுபவம் எங்கள் வீட்டிலும் உண்டு.

அவசரமாகப் பழுக்க வேண்டுமென்றால் காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மூடுங்கள். அதே காரணத்தால், மெதுவாகப் பழுக்க வேண்டிய காய்க்குப் பக்கத்தில் பழுத்த வாழைப்பழம் இருக்கக் கூடாது. கீரை, வெள்ளரிக்காய் பக்கத்திலும் வைக்காதீர்கள், அவையும் சீக்கிரம் மஞ்சளிக்கும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மாங்காயின் காம்பைக் கிள்ளினால் பால் பீய்ச்சி வரும், பார்த்திருப்பீர்கள். அது தோலில் வழிந்தால் வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடாகச் சுட்டுவிடும். சிலருக்கு உதட்டோரம் புண்ணாவதும் அந்தப் பாலால்தான். அதனால் சாப்பிடுவதற்கு முன்னால் அரை மணி, ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைப்பது நல்ல பழக்கம், பால் கரைந்து போய்விடும். தண்ணீரில் ஊறினால் பழத்தின் சூடு இறங்கி உடம்புக்கு உஷ்ணம் செய்யாது என்கிறார்களே, அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, ஊறப் போடுவதால் கெடுதலும் இல்லை. மொத்தப் பெட்டியையும் வந்த அன்றே கழுவி ஈரத்தோடு அடுக்குவதுதான் தவறு.

பழுத்ததா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். பங்கனப்பள்ளி மஞ்சளாகும், சரி. இமாம் பசந்தும் மல்கோவாவும் கனிந்த பிறகும் பச்சை கலந்தே நிற்கும். மஞ்சளாகட்டும் என்று காத்திருந்து அழுகவிட்டவர்கள் அநேகம். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். அழுத்திய இடம் மறுநாள் கன்றிப்போகும், கடைக்காரரும் முறைப்பார். உள்ளங்கையில் வைத்து நான்கு விரலால் மெல்லப் பிடித்தால் லேசாக இணங்கிக் கொடுக்கும். அப்புறம் காம்படியை மோந்து பாருங்கள். அங்கே மணம் இருந்தால் பழம் தயார், புளித்த கள் வாடை இருந்தால் ஒரு நாள் தாண்டிவிட்டது.

காயாக வாங்கும்போது பார்க்க வேண்டியது முற்றலா, பிஞ்சா என்பதை. மாங்காயின் தோள்பட்டை காம்பு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் இருப்பது போல இருந்தால் முற்றியது. தோள் சரிந்து காம்பு துருத்திக்கொண்டு நின்றால் பிஞ்சு. பிஞ்சைப் பழுக்க வைத்தால் அது பழுக்காது, வெம்பும். வெம்பல் என்று நம் ஊரில் சொல்கிற சொல்லுக்கு ஈடாக என் பாடப்புத்தகத்தில்கூட ஒரு சொல் கிடைத்ததில்லை. தோல் மஞ்சளாகி, உள்ளே வெளிறி, புளித்து, நார்நாராக இருக்குமே, அதுதான். எந்த அறையாலும் எந்த அரிசிப் பானையாலும் வெம்பலை இனிக்க வைக்க முடியாது, உள்ளே மாவுச்சத்து சேரும் முன்பே பறித்துவிட்டார்கள். தண்ணீரில் போட்டால் முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். இதை யாரோ "மிதந்தால் கல் வைத்த பழம்" என்று மாற்றிப் பரப்பிவிட்டார்கள். மிதப்பது பிஞ்சைக் காட்டுமே தவிர மருந்தைக் காட்டாது.

நீலம் மாம்பழத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, வெட்டினால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு நடந்து வரும். காய் சின்னதாக இருக்கும்போதே முட்டை வைத்து, துளையும் தூர்ந்துவிடுவதால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சதை சேதமாகாமல் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், மனசு வந்தால்.

வாழைக்கு வருகிறேன், என் சோறு அதில்தான். எங்கள் அறையில் காயை 16 முதல் 18 டிகிரியில் வைத்து, ஒரு நாள் எத்திலீன் கொடுத்து, பிறகு கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, நான்கைந்து நாளில் வெளியே எடுப்போம். முன்பு இதையே குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, புகை மூட்டம் போட்டுச் செய்தார்கள். புகையிலும் எத்திலீன் இருக்கிறது, தத்துவம் ஒன்றுதான். வீட்டில் உங்களுக்கு இந்த வித்தை தேவையில்லை. ஆனால் பச்சை வாழை எனப்படும் மோரிஸ் வகையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் அதன் தோல் முழுசாக மஞ்சளாகாது, உள்ளே மட்டும் கனிந்துவிடும். கோடையில் வீட்டில் பழுத்த பச்சைப்பழம் பச்சையாகவே இருப்பது இதனால்தான். கடையில் தகதகவென்று மஞ்சளாக இருப்பது குளிர் அறையில் பழுத்ததால், அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

ரஸ்தாளி அவசரக்காரப் பழம். கனிந்ததும் சீப்பைத் தூக்கினால் பழம் ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து கழன்று விழும், தோல் வெடிக்கும். உதிர்ந்ததால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் அர்த்தம். உள்ளே அங்கங்கே கட்டி கட்டியாகக் கடிபடுவதும் அந்த ரகத்தின் சுபாவம், நீங்கள் வைத்த விதத்தால் வந்ததில்லை. பூவன் பொறுமைசாலி, சீப்பை விட்டு எளிதில் உதிராது, வீட்டில் தொங்கவிட ஏற்றது. மலைவாழை இன்னொரு தினுசு. தோல் கறுத்துச் சுருங்கும், உள்ளே அழுகாமல் இறுகிக்கொண்டே போகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையைத் தேடிப் போவது சும்மா இல்லை. நேந்திரத்தின் தோல் நன்றாகக் கறுத்த பிறகுதான் அவித்துச் சாப்பிட ருசி. ஆகவே கறுப்பு என்றதும் குப்பைக் கூடை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ரஸ்தாளி வைக்கும்போது பழுத்திருந்தால் குளிரில் தோல் மட்டும்தான் கறுத்திருக்கும், உள்ளே வெள்ளையாக இருக்கும். காயாக இருந்திருந்தால் துவர்க்கும், இனிமேல் பழுக்காது. உரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இனிமேல் வாழையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் அடிப்பழம் கன்றும். காம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் பத்து நாள் நிற்கும் என்று வீடியோ போடுகிறார்கள். நான் சுற்றிப் பார்த்தேன், அரை நாள் வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பப்பாளியில் பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில். அதில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. பறித்த பிறகு இளகும், நிறம் மாறும், இனிப்பு பெரிதாகக் கூடாது. அதனால் மரத்திலேயே ஒரு மஞ்சள் கோடாவது விழுந்த பிறகு பறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். முழுப் பச்சையாகப் பறித்தது வீட்டில் மஞ்சளானாலும் வெள்ளரிக்காய் தின்ற மாதிரிதான் இருக்கும். முக்கால்வாசி மஞ்சளாகும் வரை வெளியே, அப்புறம் ஃப்ரிட்ஜ். சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், அடியில் பச்சை தெரிந்தால் பிஞ்சு, வெளிர் மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் முற்றல். சீத்தாப்பழத்தில் கண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் வெளுத்து அகன்றிருக்க வேண்டும். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும், ஆகவே கல்லு மாதிரி இருப்பதை வாங்கி வெளியே வைப்பதில் தவறில்லை. மாதுளை இதற்கெல்லாம் விதிவிலக்கு, ஃப்ரிட்ஜில் வாரக் கணக்கில் நிற்கும். அன்னாசியின் இனிப்பு அடிப்பாகத்தில் கூடுதல், மேலே போகப் போகக் குறையும். அடியை மோந்து பார்த்து வாங்குங்கள். நடு இலையை இழுத்துப் பார்க்கும் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை, புளித்த அன்னாசியிலும் இலை சுலபமாகக் கழன்று வந்திருக்கிறது.

இனி கல். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது, 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறையில் தெளிவாகவே இருக்கிறது. அது ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அதுவும் எத்திலீன் போலவே காயைத் தூண்டும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். ஆனால் எத்திலீன் வாயு அனுமதிக்கப்பட்டது, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் கிடந்தாலே கார்பைடு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பழத்தைத் தொடாமல் எத்திலீன் விடும் பொட்டலங்களுக்கும் அனுமதி உண்டு, அவற்றில் தயாரிப்பாளர் விவரம் அச்சாகியிருக்கும். காகிதத்தில் மடித்த சாம்பல் நிறப் பொடி, பூண்டு போன்ற வாடை, பழத்தின் மேல் திருநீறு பூசியது போலத் தூள் என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட பெட்டியை வாங்காதீர்கள், உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்.

வெறும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது கல் வைத்தது என்று வீட்டிலிருந்தபடியே உறுதியாகச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. தோல் ஒரே சீராக மஞ்சள், உள்ளே புளிப்பு, மணம் இல்லை, இரண்டு நாளில் கறுப்புத் திட்டு என்று சொல்லப்படும் அடையாளங்கள் எல்லாம் கல் வைத்த பழத்தில் இருக்கும், சரி. பிஞ்சாகப் பறித்து முறைப்படி எத்திலீனில் பழுக்க வைத்த வெம்பலிலும் அதே அடையாளம்தான். தீக்குச்சியைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டுங்கள் என்று வரும் வாட்ஸ்அப் சோதனையைச் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடுங்கள். மேலே ஒட்டியது பெரும்பாலும் போகும், முழுசாகப் போய்விடும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

எதைத் தூக்கிப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். மாம்பழத் தோலில் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வருவது ஒரு பூஞ்சையால். மரத்தில் இருக்கும்போதே உள்ளே நுழைந்து பழுக்கும் வரை தூங்கிக் கிடக்கும். தோலோடு நின்றால் சீவிவிட்டுச் சாப்பிடலாம். சதைக்குள் பழுப்பாக இறங்கியிருந்தால், காம்படியிலிருந்து கருவளையமாக நைந்து வந்தால், பஞ்சு போலப் பூசணம் பூத்திருந்தால், புளித்த வாடையோடு நுரைத்தால் முழுப் பழத்தையும் போட்டுவிடுங்கள். இளகிய சதையில் பூசணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும். வெட்டிய பழம், அது பப்பாளியோ பலாச்சுளையோ, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நிறைய மிஞ்சினால் மாம்பழத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். சில மாதம் வரும், உருகினால் கொழகொழவென்று இருக்கும், ஜூஸுக்குத்தான் ஆகும்.

உங்கள் பெட்டியில் மிச்சமிருக்கும் மாம்பழம் குளிரில் அடிபட்டதே தவிர விஷமாகிவிடவில்லை. அழுகல் இல்லாததை வெல்லம் போட்டுப் பச்சடி செய்யுங்கள், சப்பை தெரியாது. உரித்துப் பார்த்து வெள்ளையாக இருக்கும் ரஸ்தாளியை மசித்துக் கோதுமை மாவில் அப்பம் சுடுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது அண்ணனிடம் காம்பை ஒட்ட ஒடிக்காமல் ஒரு விரல் நீளம் விட்டுப் பறிக்கச் சொல்லுங்கள், பால் வழியாது. வாழையையும் மாவையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.